கயிறு தேய்த்த கல்

எழுபதுகளின் நடுவில் நான் மெல்பர்னில் ஒரு கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்திக்கொண்டிருந்தேன். எனக்கு இடப்பக்கம் நின்றவன் கிரேக்கன், வலப்பக்கம் நின்றவனும் கிரேக்கன். நடுவில் நின்று நான் கற்ற கிரேக்க மொழியில் பெண்களுக்கு முன்னால் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். அதற்கு முன் கப்பல்களில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு கப்பல் ஏறி, ஒருநாள் சிட்னியில் இறங்கியவன் திரும்பி ஏறவில்லை. சில வருடங்கள் ஒளித்துத் திரிந்தேன். அரசாங்கம் ஒரு பொதுமன்னிப்பு அறிவித்தபோது போய்க் காகிதங்களைச் சரிசெய்துகொண்டேன். இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. அப்போது அப்படிப் பலர் இருந்தோம்.

ரிச்மண்டில் ஒரு மர வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். அறையில் இன்னொருவனும் இருந்தான். மலேசியத் தமிழன், ஈப்போப் பக்கம். தகப்பன் ரயில்வேயில் வேலை. இவன் இங்கே பல்கலைக்கழகத்தில் நில அளவை படித்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், என்னை அண்ணே என்று கூப்பிடுவான். அவனிடம் எனக்குப் பிடிக்காதது என்று ஒன்றும் இல்லை. அவன் படுத்தவுடன் தூங்கினான். சட்டையைக் கழற்றினால் மடித்து வைத்தான். வீட்டுக்காரக் கிரேக்க அம்மா என்னைக் கண்டால் தலையசைப்பாள். அவனைக் கண்டால் குசினிக்குள் கூப்பிட்டுத் தேன் ஊற்றிய பலகாரம் கொடுப்பாள். அவன் அதில் பாதியை எனக்குக் கொண்டுவருவான். நான் தின்பேன். தின்றுகொண்டே, ஏன் இவனுக்கு மட்டும் என்று நினைப்பேன்.

ஒரு சனிக்கிழமை, கட்டிலில் படுத்தபடி கேட்டான்.

"அண்ணே, சும்மா கேக்கறேன். கிரீஸ் வர்றீங்களா?"

"என்னத்துக்கு?"

"மண்ணு தோண்ட."

"மண் தோண்டக் கிரீசுக்குப் போகவேணுமே? இஞ்ச ரோட்டில தோண்டுறாங்கள். சம்பளமும் குடுக்கிறாங்கள்."

"அங்க சம்பளம் கிடையாது-லா. டிக்கெட்டும் நம்மளுதுதான். சாப்பாடு மட்டும் போடுவாங்க."

"உனக்கென்ன விசரே?"

"பழைய துறைமுகம் அண்ணே. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. கடல் பின்னால போயிடுச்சு, துறைமுகம் மண்ணுக்குள்ள கிடக்குது. சிட்னியில ஒரு பேராசிரியை ஆள் சேர்க்கறாங்க. காலேஜ்ல ஒட்டியிருந்தாங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிவிட்டான். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

துறைமுகம் என்றால் எனக்குக் கயிறு. கப்பல் கரையை நெருங்கும்போது என் இடம் முன்னணியம், கப்பலின் மூக்கு. மெல்லிய எறிகயிற்றை வீசவேண்டும், கரையில் நிற்பவன் அதைப் பிடித்து இழுப்பான், அதன் நுனியில் கட்டிய பெரிய வடம் பின்னால் போகும், அவன் அதை இரும்புக் கம்பத்தில் மாட்டுவான். அத்தனை ஊர்களுக்குப் போயிருக்கிறேன், பெரும்பாலானவற்றில் நான் பார்த்தது அந்தக் கம்பத்தைத்தான். மாட்டியவனின் முகம் நினைவில்லை, கம்பத்தின் நிறம் நினைவிருக்கிறது. ஊரைப் பார்க்கப் போனவர்கள் வேறு ஆட்கள். நான் வடத்தைப் பார்த்துக்கொண்டு கப்பலிலேயே நின்றேன்.

தொண்டர்கள் தேவை என்றுதான் ஒட்டியிருந்தார்கள். படித்தவர்கள் தேவை என்று இல்லை. நானும் வருகிறேன் என்று காலையில் சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டான். அவன் கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

புறப்படுவதற்கு முன் சில வார இறுதிகளில் சிட்னிக்கு ரயிலில் போய்ப் பழக வேண்டியிருந்தது. துறைமுகத்துக்கு மேலே இடிந்து கிடந்த ஒரு பழைய கல்வீட்டின் பின்வளவில் பழகினோம். கிடைத்ததெல்லாம் உடைந்த சாராயப் போத்தல்களும் ஆட்டெலும்பும். பேராசிரியை ஐம்பது வயது கடந்த பெண். கழுத்து வெயிலில் வெந்து சிவந்திருக்கும். நகத்துக்குள் எப்போதும் மண். யாரிடமும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடாததால்தான் அவரிடம் எல்லோரும் பயந்தோம்.

தோண்டக் கூடாது, சுரண்ட வேண்டும் என்பது முதல் பாடம். மேசன்மாரின் சாந்தகப்பை போன்ற ஒன்றைக் கையில் தந்தார்கள். முழங்காலில் நின்று மண்ணைத் தன்பக்கமாக மெல்ல இழுக்கவேண்டும். இரண்டாவது, குழியின் பக்கங்கள் சுவர்போல நேராக இருக்கவேண்டும். மூன்றாவது, ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் ஒரு மண்சுவரைத் தொடாமல் விடவேண்டும். அதற்கு இடைச்சுவர் என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். எந்தக் காலத்து மண் எதன்மேல் விழுந்தது என்று அதன் முகத்தில் கோடுகோடாகத் தெரியும். அதில் சாயக் கூடாது, கால் வைக்கக் கூடாது, அதற்குள் பொன் தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. எல்லாம் முடிந்து படமும் எடுத்த பிறகு, பேராசிரியை சொன்னால்தான் அது இறங்கும்.

அவன் வெட்டிய பக்கம் முதல் நாளே அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல இருந்தது. என்னுடையதை மாடு கடித்ததுபோல இருந்தது. பேராசிரியை எல்லோரையும் கூப்பிட்டு அவனுடையதைக் காட்டினார். என்னுடையதைக் காட்டவில்லை. அவனைப் பார்த்துப் பழகச் சொல்லி என்னை அவனுக்குப் பக்கத்தில் விட்டார்.

அன்று மாலை பலகையில் அந்தக் கிரேக்கத் துறைமுகத்தை வரைந்தார். கரைக்கல் வரிசை நேராக ஓடியது. போன முறை தோண்டியபோது அதில் ஓரிடத்தில் கப்பலைக் கட்டிவைக்கும் கல் ஒன்று கிடைத்ததாம், ஆனால் பாதி உடைந்து போயிருந்தது. கரையிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் கல். நடுவில் துளை. துளைக்குள் கயிறு போகும். கயிறு உரசி உரசி அதன் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். "முழுக்கல் ஒன்று இங்கே எங்கோ இருக்கவேண்டும்," என்று பலகையில் ஒரு புள்ளடி போட்டார்.

இரும்புக் கம்பத்துக்கு வருடாவருடம் நிறம் அடிப்பார்கள். அதில் ஒன்றும் மிஞ்சாது. கல்லில் கயிறு பள்ளம் போட்டிருக்கிறது என்றால், எத்தனை பேர் எத்தனை தரம் கட்டியிருப்பார்கள். எனக்கு அந்தப் பள்ளம் வேண்டும் என்று தோன்றியது. கல்லை வெளியே எடுத்து முதலில் அதில் விரல் வைப்பது நானாக இருக்கவேண்டும். வேறு எதற்காகவும் நான் அந்த விமானச் சீட்டை வாங்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அவனிடம் சொன்னேன்.

"அந்தக் கல்லை நான்தான் எடுக்கவேணும்."

"யார் கையிலயாவது வரும் அண்ணே. யாரா இருந்தா என்ன?"

"உனக்கு என்ன. எனக்கு என்ன எண்டு எனக்குத் தெரியும்."

"சரி, சரி. கல்லுகிட்ட சொல்லி வைக்கிறேன்," என்றான். நான் சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் லீவு தரமாட்டார்கள் என்பதால் வேலையை விட்டேன்.

கிரேக்கத்தின் தெற்குக் கரையில் ஒரு சின்னக் கிராமம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒலிவ மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்தோம். கடல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் துறைமுகம் கிடந்த இடம் நாணல் வளர்ந்த வண்டல் நிலம். நுளம்புக்கடி அதிகம். வெளிச்சம் வருவதற்கு முன் எழும்புவோம், வெயில் தலைக்கு ஏறும்வரை குழியில் இருப்போம், பின்னேரம் அன்றைக்குக் கிடைத்த பானை ஓடுகளைக் கழுவி வெயிலில் பரப்புவோம். ரொட்டி, தக்காளி, பயறு, திரும்பவும் ரொட்டி. முழங்கால் வீங்கிவிட்டது. கப்பலில் இதைவிட மோசமாக இருந்திருக்கிறேன், அதனால் சாப்பாட்டையோ படுக்கையையோ பற்றி நான் குறை சொல்லவில்லை. எனக்கிருந்த குறை வேறு.

கரைக்கல் வரிசை போகும் என்று கணக்கிட்ட கோட்டில் இரண்டு குழி. ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. நடுவில் இடைச்சுவர். ஒவ்வொருவருக்கும் துணைக்கு இரண்டு மாணவர்கள், எல்லோரும் சிட்னிப் பிள்ளைகள்.

என் குழியில் வண்டல் வந்தது. வண்டலுக்குக் கீழே சிப்பி. சிப்பிக்குக் கீழே வண்டல். அவன் குழியில் முதல் வாரமே ஒரு கல்லின் மூலை தெரிந்தது. அடுத்த நாள் அதன் பக்கத்துக் கல். பிறகு வரிசை. கல்லும் கல்லும் பொருந்திய இடத்தில் சாந்தகப்பையின் நுனிகூட நுழையாது. தேநீர் வேளையில் எல்லோரும் அவன் குழியின் விளிம்பில்தான் உட்கார்ந்தார்கள். கால் வீங்கியிருக்கிறது, எழும்ப முடியாது என்று நான் என் குழியிலேயே இருந்து குடித்தேன்.

"வந்து பாருங்க அண்ணே, அழகா இருக்கு."

"இஞ்சயிருந்தே தெரியுது."

தெரியவில்லை. இடைச்சுவர் மறைத்தது.

கிராமத்தில் ஒரு விஷயத்திலாவது நான் முந்தலாம் என்று நினைத்திருந்தேன். எனக்கு மொழி தெரியும் அல்லவா. காப்பிக் கடையில் கிழவர்களிடம் தொழிற்சாலைக் கிரேக்கத்தில் நலம் விசாரித்தேன். ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இன்னொருவர் சிரித்துச் சிரித்து இருமினார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் பையன்களை வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். அவனுக்கு நன்றி, காலை வணக்கம், தண்ணீர் என்ற மூன்று சொல்தான் தெரியும். அவனுக்கு முட்டை கொடுத்தார்கள்.

கடைசி வாரத்துக்கு முன் அவன் நூல் பிடித்து அளந்தான். உடைந்த கல்லுக்கும் கரை திரும்பும் மூலைக்கும் இருந்த தூரத்தை வைத்துப் பார்த்தால், அடுத்த கப்பல் கட்டும் கல் அவன் குழியிலும் இல்லை, என் குழியிலும் இல்லை. இடைச்சுவருக்குள் இருந்தது.

பேராசிரியை அளவைச் சரிபார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "இரண்டு குழியையும் படம் எடுத்த பிறகு சுவரை இறக்கலாம்," என்றார்.

"யார் இறக்கிறது?" என்று கேட்டேன். கேட்கவேண்டியவன் நான் இல்லை என்பதுபோல மாணவர்கள் பார்த்தார்கள்.

பேராசிரியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "படத்தில் யாருடைய குழி சுத்தமாக இருக்கிறதோ அவர்," என்றார். இப்போது நினைத்தால் அது பாதி வேடிக்கையாகச் சொன்னது. நான் முழுதாக எடுத்துக்கொண்டேன்.

படம் எடுப்பதற்கு என்று ஒரு முறை இருந்தது. விடியற்காலைச் சாய்வெளிச்சத்தில்தான் எடுப்பார்கள், அப்போதுதான் மேடு பள்ளம் தெரியும். அதற்கு முதல் நாள் பின்னேரம் குழியைக் கூட்டவேண்டும். ஒரு உதிரிக் கல், ஒரு கால்தடம், ஒரு வேர்த்துண்டு இருக்கக் கூடாது. சுவரின் முகத்தைச் சீவ வேண்டும். அன்று பின்னேரம் பார்த்துக் காற்று. கொட்டிவைத்த மண்குவியலிலிருந்து தூசி எழும்பி, கூட்டக் கூட்ட வந்து படிந்தது. அவன் குழியில் கல் இருந்தது, கல்லைத் துடைத்தால் போதும். என்னுடையது முழுக்க மண். மாணவர்கள் கூட்டிக் களைத்துக் கடலுக்குக் குளிக்கப் போய்விட்டார்கள்.

நான் வாளியை எடுத்து ஓடுகள் கழுவும் தொட்டியில் தண்ணீர் அள்ளி வந்தேன். கையால் அள்ளித் தெளித்தேன். குழியின் தரையில், பக்கங்களில், பிறகு இடைச்சுவரின் முகத்தில், அதன் தலையில். தூசி அடங்கியது. மண்ணின் நிறம் ஒவ்வொன்றாக எழும்பி வந்தது.

அவன் தன் குழியிலிருந்து தலையை நீட்டினான்.

"எங்கம்மாவும் இப்படித்தான் அண்ணே. வாசல் கூட்டறதுக்கு முன்னால தெளிச்சு விடுவாங்க. அந்த மண்ணு வாசம்." மூக்கை உறிஞ்சினான்.

"பின்ன? வறண்ட மண்ணைக் கூட்டினால் தூசி எங்க போகும்?"

"இருங்க, நான் இன்னொரு வாளி கொண்டாறேன்."

கொண்டுவந்தான். இரண்டு பேரும் சேர்ந்து தெளித்தோம். ஒரு வாளி இரண்டாயிற்று, பிறகு இன்னும் இரண்டு. சுவரின் தலை நன்றாக நனைந்தால்தான் இரவுக் காற்றுக்கும் தூசி பறக்காது என்று நான் சொன்னேன். அவன் சரி என்றான். பிறகு கூட்டினோம். முடிந்தபோது என் குழி அப்போதுதான் சாணி மெழுகிய தரைபோல இருந்தது. அந்த மண்ணில் நான் சந்தோஷமாக இருந்த ஒரே பின்னேரம் அது.

"உங்களுதுதான் ஜெயிக்கும்," என்றான் அவன். மனதாரச் சொன்னான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. தோற்கப் பயம் இல்லாதவன்தான் அப்படிச் சொல்லமுடியும் என்று நினைத்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் இடைச்சுவர் நடுவில் சரிந்து என் குழிக்குள் விழுந்து கிடந்தது. பேராசிரியை தேநீர்க் கோப்பையோடு விளிம்பில் நின்றார். மாணவர்கள் பின்னால் நின்றார்கள். படம் எடுப்பவர் கமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

"தண்ணீர் ஊற்றியது யார்?"

"நான் தெளித்தேன்," என்றேன்.

"எதற்கு?"

"கூட்டுவதற்கு."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் யாருக்கும் விளங்கவில்லை. கூட்டுவதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். அவர்கள் வீடுகளில் கம்பளத்துக்கு மேல் இயந்திரத்தை ஓட்டுவார்கள். முற்றத்தைக் கூட்ட வருபவள் ஏன் முதலில் தண்ணீரோடு வருகிறாள் என்று அங்கே நின்றவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பேராசிரியை பொறுமையாக விளக்கினார். சுவரின் நடுவில் ஒரு மெல்லிய மணல் அடுக்கு இருந்தது. வறண்டிருக்கும்வரை நிற்கும். மேலே விட்ட தண்ணீர் இறங்கி அதை அடைந்ததும், மேற்பாரம் தாங்காமல் வழுக்கிவிட்டது. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அப்போது அவன் முன்னால் வந்தான். "நானும் சேர்ந்துதான் ஊற்றினேன். பாதி நான் கொண்டுவந்த தண்ணீர்."

பேராசிரியை அவனைப் பார்த்தார். "உன்னிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை," என்றார்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த வசனம் எனக்குள் கிடக்கிறது. அவனிடம் எதிர்பார்க்கவில்லை. என்னிடம் எதிர்பார்த்திருந்தார் என்றுதானே பொருள். குற்றத்தில் சரிபாதி எடுத்துக்கொள்ள வந்தான்; அதற்குள்ளும் அவனுக்கு ஒரு பாராட்டு இருந்தது. அவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எந்தப் பக்கம் போய் அவனை வெறுப்பது என்று தெரியவில்லை.

சரியாமல் நின்ற பகுதியை உடனே இறக்கவேண்டும், இல்லாவிட்டால் அதுவும் போகும் என்று பேராசிரியை முடிவு செய்தார். அதை அவனிடம் கொடுத்தார். எனக்கு விழுந்த மண். விழுந்த மண்ணுக்கு அடுக்கு இல்லை, காலம் இல்லை. அதில் எது கிடைத்தாலும் எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாது. தனி வாளியில் போட்டு, இடம் தெரியாதது என்று எழுதி ஓரத்தில் வைப்பார்கள். அப்படியான மண்ணைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மண்குவியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நான் கம்பிவலை அடித்த அரிதட்டில் அரித்தேன்.

அரிதட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும்போது சத்தம் வரும், ஒரு பக்கத்துக்கு ஒன்று. அந்தச் சத்தத்துக்கு நடுவில் குழிப்பக்கம் பேச்சு ஒருநேரம் நின்றது. பேச்சு நின்றால் என்ன அர்த்தம் என்று தோண்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஏதோ வந்துவிட்டது. நான் அரிதட்டை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது.

"அண்ணே, வாங்க."

நான் இன்னொரு சவள் மண் போட்டேன்.

பிறகு அவனே வந்தான். முழங்கைவரை சேறு. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"வந்திடுச்சு. முழுசா இருக்கு. துளை இருக்கு, பள்ளம் இருக்கு."

"நல்லது."

"இன்னும் யாரும் தொடல. தூரிகைதான் பட்டிருக்கு. நான்தான் சொன்னேன், இதுல முதல் கை அண்ணனோடதா இருக்கணும்னு. பேராசிரியையும் சரின்னுட்டாங்க. வாங்க."

குழியின் விளிம்பில் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பேராசிரியை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் நடந்து போகவேண்டும், அவர்கள் வழிவிடுவார்கள், அவன் எனக்குப் பின்னால் நிற்பான், நான் கையை வைப்பேன், அவன் தந்ததால் வைப்பேன்.

"நீயே தொடு," என்றேன்.

"அண்ணே, என்னண்ணே இது."

"எனக்கு இஞ்ச வேலை கிடக்கு."

அவன் கையிலிருந்த சேற்றைக் காற்சட்டையில் துடைத்தான். பிறகு போனான். கைதட்டும் சத்தம் கேட்டது. என் அரிதட்டில் அன்று முழுக்க வந்தது சிப்பி.

இரண்டு நாளில் கல்லை வரைந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகாமல் இருப்பதற்கு வழி தேடுவதே ஒரு வேலையாக இருந்தது. ஓடு கழுவினேன், கூடாரம் கழற்றினேன், கக்கூஸ் குழி மூடினேன். அவன் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு உப்பை நகர்த்தி வைத்தான், எப்போதும்போல.

தோண்டிய இடத்தைத் திறந்தபடி விட்டுப் போவதில்லை. மழையும் ஆடுகளும் கெடுத்துவிடும் என்று, கல்லுக்கு மேல் பிளாஸ்டிக் விரித்து மணல் போட்டு மூடிவிடுவார்கள். அடுத்த முறை வருபவர்கள் மணலை அள்ளினால் கல் அப்படியே இருக்கும். மூடும் நாளில் அவனும் பேராசிரியையும் கிடைத்த பொருள்களை ஒப்படைக்கப் பட்டணத்து மியூசியத்துக்குப் போயிருந்தார்கள். மணல் தள்ளும் வேலை எனக்கும் கிராமத்து ஆட்கள் இரண்டு பேருக்கும்.

நான் போனபோது பிளாஸ்டிக் விரித்தாயிற்று. நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். கரைவரிசை தட்டையாகக் கிடந்தது, ஓரிடத்தில் மட்டும் வெளியே நீண்ட கல் பிளாஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிளாஸ்டிக்கின் உள்பக்கம் வியர்த்திருந்தது. துளை இருக்கும் இடம் கருப்பாகத் தெரிந்தது. கிராமத்து ஆட்கள் சிகரெட் பிடிக்க நிழலுக்குப் போயிருந்தார்கள். மூலைக்கல்லைக் காலால் நகர்த்தி, பிளாஸ்டிக்கை ஒரு முழம் தூக்கினால் போதும்.

நான் தூக்கவில்லை. எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்று சொன்னதை, ஒருவரும் இல்லாதபோது எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, அதில் அவன் கை பட்டாயிற்று. எத்தனையாவது ஆளாகத் தொடுவது. முதல் வண்டி மணலைச் சரியாக அந்தக் கல்லின் மேலேயே கொட்டினேன். பிளாஸ்டிக் அமுங்கிற்று. மாலைக்குள் அந்த இடம் நாங்கள் வருவதற்கு முன் இருந்ததுபோல ஆகிவிட்டது.

மெல்பர்னுக்குத் திரும்பியபோது தொழிற்சாலையில் என் இடத்தில் வேறொருவன் நின்றான். நிறம் அடிக்கும் பிரிவில் போட்டார்கள். அந்த வாசனைக்குத் தலை இடிக்கும், ஆனால் வேலை. அவன் படிப்பை முடித்தான், வேலை கிடைத்தது, ஈப்போவுக்குப் போய்க் கல்யாணம் செய்து மனைவியோடு வந்தான். மல்கிரேவில் வீடு வாங்கினான். அங்கே அப்போது பாதி வெறும் நிலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். தட்டாமல் போனேன். நல்ல வீடு. நல்ல மனைவி. நல்ல மீன் குழம்பு. எல்லாவற்றையும் நல்லது என்று எனக்குள் எண்ணிக்கொண்டே சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் திரைச்சீலைகளை இழுத்து மூடி, சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஆணியடித்துத் தொங்கவிட்டான். ஸ்லைட் படம் காட்டும் பெட்டி புதிதாக வாங்கியிருந்தான். அந்த நாளில் இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் இது நடக்கும். பக்கத்து வீட்டுத் தம்பதி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், அவன் மனைவி, நான். எல்லோரும் கதிரைகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்தோம்.

ஒலிவ மரம் வந்தது. கூடாரம் வந்தது. பேராசிரியை தொப்பியோடு வந்தார். என் முதுகு ஒன்றில் வந்தது, அரிதட்டோடு. "அது யாரு தெரியுதா?" என்று அவன் மனைவியிடம் கேட்டான். "அண்ணன் முதுகைப் பார்த்தாலே தெரியுதே," என்றாள் அவள். பெட்டி கிளிக் என்றது.

கல் வந்தது.

படுக்கைவிரிப்பு முழுக்க அதுதான். நினைத்ததைவிட வெளிறியிருந்தது. துளையின் கீழ்விளிம்பில், ஒரு பக்கமாகச் சரிந்து, பள்ளம். இரண்டு விரல் ஆழம் இருக்கும். இரண்டு விரல் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் தன் இரண்டு விரலை அதற்குள் வைத்திருந்தான். அளவுக்காக வைத்தது. முகம் படத்தில் இல்லை, கைதான்.

நான் எழுந்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. படுக்கைவிரிப்புக்குப் பக்கத்தில் போய் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தேன். துணிக்குப் பின்னால் செங்கல் சுவர். பள்ளம் என் விரல்களுக்கு மேலே விழுந்தது. அவன் விரல்கள் என் புறங்கையில் கிடந்தன.

"அண்ணே, மறைக்குது," என்றாள் அவன் மனைவி.

"விடு, பார்க்கட்டும்," என்றான் அவன்.

நான் திரும்பவில்லை. "எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். இத்தனை காலத்தில் முதல் தடவை கேட்கிறேன்.

"எது?"

"அந்தப் பள்ளம். உள்ளுக்குள்ள."

அவன் நினைவுபடுத்திப் பார்ப்பது பின்னால் தெரிந்தது. பெட்டியின் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

"வழவழன்னு இருந்துச்சு அண்ணே. தேய்ஞ்ச சோப்பு மாதிரி. கொஞ்சம் சில்லுன்னு." பிறகு சொன்னான், "சரியா ஞாபகம் இல்லை. எல்லாரும் கை தட்டினாங்க, நான் சீக்கிரம் எடுத்துட்டேன்."

சரியா ஞாபகம் இல்லை என்றான். நான் என்றால் மறந்திருக்க மாட்டேன். நான் என்றால் கையை எடுத்திருக்கவும் மாட்டேன். அவன் அளவுக்கு வைத்த கை, மறந்துபோன கை, இன்னும் அந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறது. என்னுடையது அதற்கு முன்னால் துணியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பொறுமை இல்லாமல் பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டது. கிளிக். கிராமத்து ஆடு ஒன்று வந்தது. அது என் முதுகிலும் தலையிலும் ஏறி நிற்பதாகப் பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. நான் நகர்ந்தேன், ஆடு சுவருக்குப் போயிற்று.

"திருப்பிப் போடவா அண்ணே?" என்று அவன் கேட்டான்.

"வேண்டாம், போகட்டும்," என்று சொல்லி என் கதிரையில் வந்து உட்கார்ந்தேன். பிறகு வந்த படங்கள் எவை என்று எனக்கு நினைவில்லை.